நோன்பு முறித்த கரை

அந்தப் பெட்டை வாத்து எங்கள் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. வடக்கே யாரோ மேய்த்துக்கொண்டு போன கூட்டத்திலிருந்து தப்பி, வரம்பேறி, எங்கள் வயலுக்குள் இறங்கிவிட்டது. அறுப்பு முடிந்த தாளடியில் மேய்ந்துகொண்டிருந்த எங்கள் வாத்துகள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. சத்தமே இல்லை. வாத்துக்கூட்டம் என்றாலே இரைச்சல்தான். கேரளத்துக் குட்டநாட்டில் பிறந்து வளர்ந்த நான், இந்தக் கூட்டம் வருவதற்கு முன் அப்படியொரு மௌனத்தைக் கேட்டதில்லை. பிறகு அவை அதைச் சூழ்ந்துகொண்டன. வாத்தின் அலகு மழுங்கல், கொல்வதற்கு ஆனதல்ல. அதனால் நேரமெடுத்தது. கழுத்தின் பின்பக்கத்துத் தோலைத்தான் முதலில் உரித்தன. கூட்டம் விலகியபோது சேற்றில் கிடந்ததை வாத்து என்று சொல்ல ஒரு கால் மட்டுமே மிச்சமிருந்தது.

"பாத்தியா சோசா?" என்றார் அவிரா, என் கணவர். அவர் முகத்தில் பெருமை. "வெளியாள் ஒருத்தன் உள்ள நுழைய முடியாது. காய்ச்சலும் நுழைய முடியாது."

"நேத்து நம்ம நொண்டி வாத்தையும் இப்படித்தானே கொன்னுச்சு? அது வெளியாளா?"

"நொண்டினா கூட்டத்தோட வேகம் குறையும். தேவையில்லன்னு தோணிருக்கும். உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பறவைக் காய்ச்சல் வந்த வருஷங்களில் வெள்ளை உடுப்புக்காரர்கள் படகில் வந்து இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். நோயுள்ளது, இல்லாதது என்ற பேச்சே கிடையாது. சுற்றுவட்டாரத்தில் சிறகுள்ள எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. கழுத்தைத் திருகிச் சாக்கில் போட்டார்கள். ஆள் போதாமல் அவிராவையும் திருகச் சொன்னார்கள். தான் பொரிக்கவைத்து வளர்த்ததையெல்லாம் அவரே திருகினார். சாக்குகள் எரியும்போது சிலவற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அன்றைக்குப் பிறகு தூக்கத்தில் அவர் விரல்கள் போர்வையைத் திருகிக்கொண்டே இருக்கும். அதனால், காய்ச்சலே அண்டாத கூட்டம் என்று கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி வந்தபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் திவாகரன்தான். அவிராவோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர், அடுத்த கரையில், அதாவது பக்கத்து ஊரில், கள்ளிறக்குபவர். கம்பெனியின் ஆராய்ச்சிக்காரி அனகா, என் தங்கை வயதுப் பெண், தீவனத்தில் கலக்கும் பழுப்புக் கரைசலைக் குலுக்கிக் காட்டி விளக்கினாள்.

"வாத்து வயித்துக்குள்ள ஒரு கிருமி குடியிருக்கும் சேட்டா, அவ்வளவுதான். பக்கத்து வாத்து வயித்துல இருக்கற கிருமியோட அது பேசிக்கிட்டே இருக்கும். எல்லாம் ஒரே உடம்பு மாதிரி ஆயிடும். காட்டுப் பறவைகளோட கலக்காது, அதனால நோய் வராது."

"எப்படிப் பேசும்? போன்லயா?"

"மூச்சு வழியா. வாடை வழியா."

"அட, எங்க கள்ளுக்கடையில தினம் நடக்கறதுதான் இது" என்றார் திவாகரன். அனகா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, ஒரு வாத்தையோ நாலைந்தையோ கூட்டத்திலிருந்து பிரித்து வளர்க்க முயலாதீர்கள், நெஞ்சு வெடித்துச் செத்துப்போகும் என்று எச்சரித்தாள். கூட்டத்தை அழைக்க ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினால் தாழ்ந்த சுருதியில் ஒரு முனகல் எழும். வாத்துகள் அதன் பின்னால் போகும். கரையில் எல்லோரும் அதை விளிப்பெட்டி என்றார்கள்.

"இறைச்சி திங்கலாமா?" என்று அம்மச்சி கேட்டார். அம்மச்சி, அவிராவின் தாய்.

"தாராளமா அம்மச்சி. வேகவெச்சாலும் அது முழுசா சாகாது. ஆனா நம்ம வயித்துல ஏற்கனவே கோடிக்கணக்குல கிருமி மீனும் முட்டையும் தின்னு கொழுத்துக் கிடக்கு. புதுசா வர்றவனை அதுங்களே விரட்டிடும். எங்க ஆபீஸ்ல நாங்க எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கோம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கொச்சியில் எல்லாம் தின்னும் ஆட்களை வைத்து அவர்கள் சோதித்திருந்தார்கள். எங்கள் நோன்பைப் பற்றி அவள் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யாரும் விருந்தாளியிடம் சொல்வதில்லை அல்லவா?

ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நாள் நோன்பில் எங்கள் கரை முழுவதும் மரக்கறிக்கு மாறிவிடும். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை. அந்த வருஷம் நோன்பு பிடிக்காதவள் நான் ஒருத்திதான். ரத்தம் குறைந்து இரண்டு முறை மயங்கி விழுந்ததால், தினம் முட்டையும் ஈரலும் தின்ன வேண்டுமென்று டாக்டர் கட்டாயப்படுத்தினார். தேவாலயத்து அச்சன் அனுமதி கொடுத்தார்.

"அச்சன் அனுமதி கொடுத்தாரு. கர்த்தர் கொடுத்தாரான்னு யாருக்குத் தெரியும்?" என்று அம்மச்சி என் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

அது வலிக்கவில்லை. வலித்தது செலின் சொன்னது. என் ஒரே மகள். மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம்தான் முதன்முதலாக முழு நோன்பு பிடிப்பேன் என்று அப்பாவோடு பந்தயம் கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஒருநாள் கோப்பையில் பாலை ஊற்றி, யாருமில்லாத நேரத்தில் அவள் வாயருகே கொண்டுபோனேன். உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

"உன்ன மாதிரி நான் தனியா உக்காந்து திங்க மாட்டேன்."

பாலை வெளியே கொட்டினேன். தனியாக. அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் உடம்பு எனக்குச் சின்ன வயதிலேயே அமைந்துவிட்டது. பாட்டு வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது என் வாய் அசையும், சத்தம் வராது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகும், எல்லோரும் சிரிக்கும்போது நான் அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகள் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பிரார்த்தனையாக இருந்தது. அவள் உதட்டை இறுக்கியபோது வேதனைப்பட்டேன். கூடவே, பிரார்த்தனை பலித்ததாகவும் நினைத்தேன்.

ஈஸ்டருக்குக் கரையில் எல்லா வீட்டிலும் எங்கள் வாத்துதான். விடியலில் பூசை முடிந்து வந்ததும் அப்பமும் வாத்துக்கறியும். மதியம் தேங்காய்ப்பால் பிழிந்த மப்பாஸும் வறுவலும். வழக்கம்போலத் திவாகரன் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு குப்பிக் கள்ளோடு வந்துவிட்டார்.

"நோன்பு பிடிக்காதவனுக்கு, நோன்பு முறிக்கற வேளைக்கு மட்டும் வழி நல்லாத் தெரியும்" என்றார் அம்மச்சி.

"உங்க கர்த்தர் உயிரோட எழுந்ததுக்கு நான் சந்தோஷப்படக் கூடாதா அம்மச்சி? இந்தா செலின்கொச்சே, நீதான் பந்தயத்துல ஜெயிச்சவ, இந்தத் தொடைக்கறி உனக்கு."

"அப்பா ஒருநாள் டீயில பால் ஊத்திக் குடிச்சுட்டாரு. நான் பாத்தேன்."

"எடி காட்டிக்கொடுக்கறவளே!" என்று அவிரா கையை ஓங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். செலின் முதல் துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மோவாயில் வழிந்த எண்ணெயை என் விரலால் துடைத்தேன். தடுக்கவில்லை.

சாப்பிட்டதும் தூக்கம் வந்தது அவர்களுக்கு. அவிரா நாற்காலியில், அம்மச்சி கட்டிலில், செலின் பாயில். நானும் திவாகரனும் பின்பக்கம் தண்ணீர்ப் படிக்கட்டில் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு தட்டை எடுக்க உள்ளே வந்தபோதுதான் பார்த்தேன். மூன்று நெஞ்சும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின. வீடு முழுக்க ஈர இறகு வாடை. நான் குனிந்து செலினின் நெற்றியைத் தொட்டேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கையை எடுத்தேன். மூச்சு திரும்பியது. நோன்பு முறித்த அசதி என்று எனக்கே சொல்லிக்கொண்டு மிச்சப் பாத்திரங்களுக்குத் திரும்பினேன்.

மாலை வெயில் சாயும்போது வாத்துகளைக் கூட்டில் அடைக்கும் வேளை. அவிரா கண்ணைத் திறக்காமலே எழுந்து, பழக்கத்தில் விளிப்பெட்டியைக் கழுத்தில் மாட்டி, பொத்தானை அழுத்தியபடி வெளியே நடந்தார். அந்த முனகல் எழுந்தது. வயலில் வாத்துகள் திரும்பின. கட்டிலிலிருந்து அம்மச்சி எழுந்தார், தடியில்லாமல் வாசற்படிகூடத் தாண்டாத அம்மச்சி, விறைப்பாக, வேகமாக. பாயிலிருந்து செலின் எழுந்தாள். நான் முற்றத்துக்கு ஓடினேன். கரை நெடுக ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரும் யார்மேலும் மோதிக்கொள்ளவும் இல்லை. வரம்பில் அவிரா, பின்னால் வாத்துகள், அவற்றின் பின்னால் எங்கள் ஊர்.

"என்னடா அவிரா, சொல்லாமக் கொள்ளாம ஊர்வலமா?" திவாகரன் சிரித்துக்கொண்டே வேட்டியில் கையைத் துடைத்தபடி முன்னால் போய், அவிராவின் தோளில் கை வைத்தார். "எடா, கேக்கறேன்ல? நின்னு பதில் சொல்லு."

எல்லோரும் ஒரே நேரத்தில் தலை தூக்கினார்கள்.

நான் அந்த மௌனத்தை அடையாளம் கண்டுகொண்டேன். "திவாகரன் சேட்டா, ஓடுங்க!" என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பினார், முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. அம்மச்சிதான் முதலில் பாய்ந்தார். திவாகரனின் காதைப் பல்லால் பற்றிப் பின்னால் இழுத்தார். காது வரும்வரை இழுத்தார். அதற்குள் மற்றவர்கள் மூடிக்கொண்டார்கள். மனிதர்களின் நகமும் பல்லும்கூட மழுங்கல்தான். காலைப் பூசையில் அப்பத்தைப் பிட்டு என் நாவில் வைத்த அச்சனின் விரல்கள் திவாகரனின் வாய்க்குள் நுழைந்து கன்னத்தை வெளிப்பக்கமாகக் கிழித்தன. அவர் "அவிரா, அவிரா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவிரா அவர் கழுத்தில் இரண்டு கைகளையும் வைத்துத் திருகினார். சாக்கில் போடுவதற்கு முன் செய்ததைப்போலவே, கட்டைவிரலை எலும்புக்குக் கீழே கொடுத்து. பெரிய கழுத்து. பல முறை திருக வேண்டியிருந்தது. வரம்பிலிருந்து வாய்க்காலுக்குள் சிவப்பு வடிந்தது.

செலின் பின்வரிசையில் இருந்தாள். இடம் கிடைக்காமல் முண்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் ஓடி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அனகாவைப் போனில் கூப்பிட்டேன்.

"சேச்சி? ஈஸ்டர் எல்லாம் நல்லா…"

"ஆளுங்க கூட்டம் சேந்துட்டாங்க அனகா. வாத்து மாதிரி. திவாகரனைக் கொன்னுட்டாங்க."

"என்ன சொல்றீங்க? யாரு?"

"எல்லாரும். செலினும். அதே கறியைத்தான் திவாகரனும் தின்னாரு, நானும் தின்னேன். எங்களுக்கு ஒண்ணுமில்ல."

"நீங்க ரெண்டு பேரும் மத்தவங்க செய்யாதது ஏதாவது செஞ்சீங்களா?"

"ஒண்ணும் இல்ல. நாங்க நோன்பு பிடிக்கல, அவ்வளவுதான்."

"என்ன நோன்பு?"

சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது.

"பால்கூட இல்லாமலா? இத்தனை நாளா? ஊர் மொத்தமுமா?" அவள் குரல் உடைந்தது. "அப்ப உள்ள விரட்டறதுக்கு யாருமே இல்ல சேச்சி. வயிறு காலி வீடு. கதவைத் திறந்துவெச்சு உள்ள கூப்பிட்டிருக்கோம்."

"இதுக்கு மருந்து இருக்குல்ல?"

"கிருமியைக் கொல்ற மருந்து இருக்கு. வாத்துக்குக் கொடுத்துப் பாத்தோம். கிருமி செத்ததும் அந்த வாத்து கூட்டத்துல இருந்து அறுந்துபோகும். அறுந்துபோனா நெஞ்சு வெடிச்சுடும். படகு இருக்கா? நீங்க ஏறிப் போயிடுங்க. நான் யாரையாவது அனுப்பச் சொல்றேன்."

"என் பொண்ணு?"

"சேச்சி, நீங்க போங்க."

போனை அணைத்தேன். என் மகள் வாத்தில்லை. அவளுக்குப் பெயர் இருக்கிறது, பந்தயம் இருக்கிறது, என்மேல் கோபம் இருக்கிறது. ஆலப்புழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் யாராவது ஏதாவது செய்வார்கள். அதைத்தான் நினைத்தேன். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க மறுத்தேன்.

வாத்துக்கூட்டுக்குள் புகுந்து, தரையில் கிடந்த எச்சத்தையும் இறகையும் அள்ளிக் கழுத்தில், கைகளில், தலைமுடியில் பூசிக்கொண்டேன். அவிராவின் வேர்வைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டேன். பிறகு வரம்பில் ஏறி அவர்களோடு நடந்தேன்.

முதலில் மூச்சைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவர்கள் இழுக்கும்போது இழுத்தேன், விடும்போது விட்டேன். கண்ணைத் தாழ்த்தினேன். இரண்டு பக்கமும் தோள்கள் என்னை உரசின. யாரும் திரும்பவில்லை. மெல்ல நடுவுக்கு வந்தேன். அங்கே காற்று வேறாக இருந்தது, வெதுவெதுப்பாக. என் கால் எங்கே வைக்கவேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. பக்கத்துக் கால்கள் யோசித்துக்கொண்டன. எல்லோர் வாயிலும் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. திவாகரனுடைய ரத்தம். அது தெரிந்தே, பார்த்துக்கொண்டே, எனக்குள் எதுவோ தளர்ந்து படுத்தது. இதைத்தான் இத்தனை வருஷம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேனா? இவ்வளவு எளிதா இது? இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நடந்தால் எதற்காக வந்தேன் என்பது மறந்துபோகும் என்று தோன்றியது. மறந்தால்தான் என்ன என்றும் தோன்றியது.

அப்போது செலினின் பின்னலைப் பார்த்தேன். காலையில் நான் பின்னியது. அதில் ஒரு துண்டுத் தோல் ஒட்டியிருந்தது.

பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. உள்ளங்கையில் துடித்த துடிப்பு அவளுடையது மட்டுமல்ல, பக்கத்தில் நடந்தவர்களின் கழுத்து நரம்பிலும் அதேதான் துடித்தது. வரம்பு முடியும் இடத்தில் எங்கள் வள்ளம் கட்டியிருந்தது. அந்த இடம் வந்ததும் அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டு வள்ளத்துக்குள் குதித்தேன்.

அவள் கத்தவில்லை. தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. அத்தனை பேரும் நின்றார்கள். அவிரா திரும்பி வந்து வள்ளத்தோரச் சேற்றில் இறங்கினார். நான் வள்ளத்தில் செலினைக் கிடத்தி, வள்ளம் தள்ளும் ஊன்றுகோலை எடுப்பதற்குள் அவர் கை என் தலைமுடியைப் பற்றிவிட்டது. அவர் மூக்கு என் கழுத்துக்குப் பக்கத்தில் வந்தது. எச்சத்துக்கும் வேர்வைக்கும் அடியில் என் வாடையைத் தேடியது. கண்டுபிடித்தது. கட்டைவிரல் என் தாடைக்குக் கீழே எலும்பைத் தேடி வந்தது.

ஊன்றுகோலை எட்டி எடுத்துச் சுழற்றினேன். முழங்காலில் அடித்தேன். தலை இன்னும் பக்கத்தில் இருந்தது, மார்பும் இருந்தது. முழங்கால் என்று என் கைக்கு யார் சொன்னது? நொண்டி வாத்தைப் பற்றி அந்த நொடியில் நான் நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. எலும்பு உடைந்த சத்தம் தண்ணீருக்குமேல் தெளிவாகக் கேட்டது. அவர் ஒரு காலில் தடுமாறி வரம்பில் ஏற முயன்றார். நடை கோணியது.

எல்லாத் தலைகளும் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பின.

அவர்கள் அவரை அறுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் கண் சட்டென்று அவருடைய கண்ணானது. தூங்கி எழுந்தவரைப்போலத் தன் கைகளைப் பார்த்தார், நகக்கண்ணில் இருந்ததைப் பார்த்தார். "சோசா?" என்றார். "சோசா, திவாகரன் எங்கடி?"

"இச்சாயா" என்றேன், எப்போதும் அவரைக் கூப்பிடுவதைப்போல. வேறொன்றும் சொல்ல நேரமில்லை. அவரைப் பெற்றவள்தான் முதலில் அவர் முதுகில் ஏறினாள். கழுத்தின் பின்பக்கத்தில் வாயை வைத்தாள். நான் வள்ளத்தை உந்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காது திறந்துதான் இருந்தது. என் பெயரைத்தான் கூப்பிட்டார். தொண்டை போகும்வரை கூப்பிட்டார்.

காயல் அகலமானது. பாதித் தூரம்வரை செலின் என்னோடு சண்டையிட்டாள். என் முன்கையைக் கடித்து, சதையோடு தலையை ஆட்டினாள். விடவில்லை. கடிக்கட்டும் என்று மறு கையால் உந்தினேன். கடிப்பது உயிரோடிருப்பதுதானே. பிறகு அவள் பிடி தளர்ந்தது.

"மோளே, பாரு, அக்கரை தெரியுது பாரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் தேய்ந்துகொண்டிருந்த கரையைப் பார்த்தாள். நெஞ்சு துடிப்பது கவுனுக்கு மேலேயே தெரிந்தது. மூச்சு குறுகிக்கொண்டே வந்தது. உதடு நீலமானது. நான் கோலைப் போட்டுவிட்டு அவளை மடியில் எடுத்து, என் நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். கூட்டத்தில் கற்ற அதே தாளத்தில் மூச்சுவிட்டேன். அந்தப் பெட்டியின் முனகலைத் தொண்டையில் கொண்டுவரப் பார்த்தேன். அவள் ஒரு கணம் காதைச் சாய்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாலை மறுத்த அதே திருப்பல். நான் தனியாள். என் வயிற்றில் பேசுவதற்கு யாருமில்லை. உலகத்தில் எந்தத் தாயாவது தன் பிள்ளைக்கு இவ்வளவு போதாதவளாக இருந்திருப்பாளா?

அவள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கண் மேலே செருகியது. என் கைக்குள் ஒரு பறவையைப் பிடித்திருப்பதுபோல, அவளுடைய எல்லாத் துடிப்பும் ஒரே இடத்தில் குவிந்து, இன்னும் கொஞ்சத்தில் வெடித்துவிடும்.

வள்ளத்தைத் திருப்பினேன்.

எதிர்க்காற்று. வாய்விட்டுக் கத்திக்கொண்டே உந்தினேன். கரை நெருங்க நெருங்க அவள் மூச்சு நீண்டது. வரம்பில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது, வாத்துகளும் ஆட்களும் ஒன்றாகக் கலந்து, எங்களையே பார்த்துக்கொண்டு. அவிரா விழுந்த இடத்தை அவர்களின் கால்கள் மறைத்திருந்தன. நான் வள்ளத்தின் மூக்கைச் சேற்றில் செருகினேன். செலின் தானாக எழுந்தாள். தள்ளாடிக்கொண்டு இறங்கி இரண்டடி வைத்தாள். நடை கோணிவிடக் கூடாதே என்று நான் கர்த்தரை வேண்டிக்கொண்டேன். நேராக நடந்தாள். பல கைகள் நீண்டு அவளை மேலே இழுத்துக்கொண்டன. அம்மச்சியின் ரத்தம் தோய்ந்த மடியில் அவள் சாய்ந்தாள்.

அவள் உதட்டில் சிவப்பு திரும்பியது. இருட்டுவதற்கு முந்தைய வெளிச்சத்தில் அதை நான் பார்த்தேன்.

பிறகு அவர்கள் என் பக்கம் அடியெடுத்து வைத்தார்கள். செலினும்தான். மேலுதடு விலகிப் பல் தெரிந்தது, விழுந்து முளைத்த முன்பல். நான் கோலை ஊன்றிப் பின்வாங்கினேன். தண்ணீர் ஓரத்தில் அவர்கள் நின்றார்கள். கைக்கு எட்டாத தூரத்தில் நான் நின்றேன்.

"செலின்" என்றேன்.

அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் திரும்பின. எல்லாவற்றிலும் ஒரே பார்வை. அதில் எது என் மகளுடையது என்று தேட வேண்டியிருந்தது. தேடிக் கண்டுபிடித்தேன். அவள் ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டிருந்தாள். அடுத்த அடி ஆழம். அவளுக்கு இன்னும் சரியாக நீந்தத் தெரியாது.

மறுபடி கூப்பிட்டால் மறு காலையும் வைப்பாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் காலை எடுத்துக்கொள்ளும்வரை, சத்தமில்லாமல், அங்கேயே மிதந்தேன்.